கைபேசிக்கு இன்ஷூரன்ஸ்: லாபமா? கூடுமா?

ஆரணியில் பட்டுச் சேலை வியாபாரம் செய்துவரும் ஒரு வாலிபர், இஷாத் தொழுகை முடிந்தபின் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு மஸ்அலா கேட்டார். தறிக்காரர்களிடமிருந்து இறங்கும் சேலைகளைப் படமெடுத்து வெளியூர்க் கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, விலை பேசி முடித்துக் கமிஷன் பெறுவது அவர் தொழில். பழைய போன் பழுதாகிவிடவே, 20,000 ரூபாயில் புதிதாக ஒன்று வாங்கச் சென்றிருக்கிறார். பில் போடும் வேளையில் கடைக்காரப் பையன், “இன்னும் 1,770 ரூபாய் சேர்த்துக் கொடுங்கள் பாய். ஒரு வருஷத்துக்கு உடைந்தாலும் நனைந்தாலும் உங்களுக்குக் கவலையில்லை” என்று சொன்னானாம்.

“ஹஜ்ரத், இதை வாங்கலாமா? வாங்கினால் லாபமா, நஷ்டமா?” என்றார் வாலிபர்.

அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். மார்க்கத்தில் கூடுமா என்பது ஒன்று. கொடுக்கும் பணத்துக்குத் தகுந்த பலன் உண்டா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை கண்டால், முதலாவதற்கு ஷரீஅத் கூறும் விடையில் உள்ள ஹிக்மத் தானே விளங்கும். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

விற்கப்படுவது எது?

கடையில் மூன்று விஷயங்களை ஒன்றுபோலப் பேசுகிறார்கள். மூன்றும் ஒன்றல்ல.

முதலாவது, போனைத் தயாரித்த கம்பெனி தரும் வாரண்டி. செய்யும்போதே ஏற்பட்ட குறை வெளிப்பட்டால் அவர்களே சரிசெய்து தருவார்கள். கை தவறிக் கீழே விழுந்தால் இது உதவாது. குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளும் வாங்கியவருக்கு அளித்துள்ளன. மேலும், செருப்புக்கு வார் பொருத்தித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு வாங்குவது வழக்கத்தின் காரணத்தால் கூடும் என்று ‘ஹிதாயா’வில் காணப்படுகிறது. இதை வைத்தே, விற்றவர் ஓராண்டு பழுது பார்த்துத் தருவதையும் இக்கால ஹனஃபி உலமாக்கள் ஆகுமாக்கியுள்ளனர்.

இரண்டாவது, கடையோ வேறு கம்பெனியோ தனிப் பணம் வாங்கிக்கொண்டு, “கண்ணாடி உடைந்தால் மாற்றித் தருகிறோம்” என்று எழுதிக் கொடுக்கும் திட்டம். மூன்றாவது, இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசி. பின்னிரண்டும் பெயரில்தான் வேறு. உடைந்தால் நமக்குப் பலன், உடையாவிட்டால் கட்டிய பணம் அவர்களுக்கு என்பதே இரண்டின் உட்பொருளும். ஒப்பந்தத்தில் சொல்லைவிடப் பொருளையே கவனிக்க வேண்டும் என்பது பிக்ஹுக் கலையில் அறியப்பட்ட விதியாகும்.

கணக்குப் பார்ப்போம்

அந்த 1,770 ரூபாயில் 1,500 ரூபாய் பிரீமியம். மீதி 270 ரூபாய் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி. போன் கீழே விழுந்து கண்ணாடி உடைகிறது. பழுது பார்க்க 5,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பாலிசிகளில் செலவின் முதற்பங்கு நம் தலையில்தான் விழும். அது 1,000 ரூபாய் என்றால், கம்பெனி தருவது 4,000.

இதே போனை வாங்கிய நூறு பேர் இதே தொகையைக் கட்டுகிறார்கள் என்றால் மொத்தம் 1,77,000 ரூபாய். அதில் 27,000 வரியாகப் போய்விடும். கம்பெனியின் கையில் நிற்பது 1,50,000. முப்பத்தேழு பேருக்குத் தலா 4,000 கொடுத்தாலே 1,48,000 தீர்ந்துவிடும். ஆனால் கம்பெனி கடைக்காரருக்குக் கமிஷன் தரவேண்டும். ஊழியருக்குச் சம்பளம் தரவேண்டும். தானும் லாபம் பார்க்கவேண்டும். அப்படியானால், முப்பத்தேழுக்கும் வெகு குறைவானவர்களுக்கே போன் உடையும் என்று கணித்துத்தான் அவர்கள் விலை வைக்க முடியும். கட்டியவர்களாகிய நூறு பேரும் கொடுத்ததை மொத்தமாகத் திரும்பப் பெற வேண்டுமானால், ஓராண்டுக்குள் நாற்பத்து நான்கு போன்களுக்கு மேல் உடைந்தாக வேண்டும்!

இவை உதாரணத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் கையிலுள்ள விலைப்பட்டியலை வைத்து இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். போன் முழுவதுமாக அழிந்துபோனால் கிடைக்கும் தொகை பெரிதுதான். ஆனால் அது அரிது, தேய்மானமும் கழிக்கப்படும். விலை உயர்ந்த போனுக்குப் பிரீமியமும் உயர்ந்தே இருக்கும்.

நிபந்தனைகளைப் படித்தீர்களா?

பாலிசியின் சிறிய எழுத்துக்களைப் படிப்பவர் நம்மில் எத்தனை பேர்? பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு வந்த போனுக்குப் பொதுவாக எந்த ஈடும் கிடைப்பதில்லை. திருட்டு என்றால் போலீசில் எழுதிய புகாரின் நகல் வேண்டும். பூட்டை உடைத்தோ பலாத்காரமாகவோ எடுத்துச் சென்றால்தான் திருட்டு என்று பல பாலிசிகள் கூறுகின்றன. கல்லாப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமற்போனதை அவை ஏற்பதில்லை. குறித்த நாட்களுக்குள் தகவல் தரவேண்டும். அவர்கள் சொல்லும் இடத்தில்தான் பழுது பார்க்கவேண்டும்.

“போன் இல்லாவிட்டால் ஒரே நாளில் என் வியாபாரம் நின்றுவிடுமே!” என்றார் அந்த வாலிபர். நியாயமான கவலை. ஆனால் இன்ஷூரன்ஸ் எடுத்தவரின் போனும் பழுதுபார்க்கும் நிலையத்தில் சில நாட்கள் கிடக்கத்தான் செய்யும். அந்த நாட்களில் கைகொடுப்பது, சார்ஜ் ஏற்றி அலமாரியில் வைத்திருக்கும் ஒரு பழைய போனே.

இன்னொன்றையும் கவனியுங்கள். தொலைந்த போனில் உண்மையான நஷ்டம் அதன் விலை மட்டுமன்று. வாடிக்கையாளரின் நம்பர்கள், கொடுக்கல் வாங்கல் கணக்கு, சேலைப் படங்கள், பேங்குப் பணம் ஆகியவை அதற்குள் இருக்கின்றன. இவற்றைக் கைபேசி இன்ஷூரன்ஸ் திருப்பித் தராது. கடன் கணக்கை நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வையுங்கள். படங்களுக்கும் நம்பர்களுக்கும் வேறிடத்தில் ஒரு நகல் வையுங்கள். *#06# என்று அழுத்தினால் தெரியும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை இன்றே குறித்துக்கொள்ளுங்கள். போன் தொலைந்தால் உடனே சிம்மையும் பேங்குக் கணக்கையும் நிறுத்துங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். போலீசில் புகார் செய்து, 2023ஆம் ஆண்டு மே மாதம் மத்திய அரசு தொடங்கிய ‘சஞ்சார் ஸாத்தி’ வாயிலாக அந்தப் போனையே முடக்கலாம். இதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

மார்க்கம் கூறுவது

இனி முதற் கேள்விக்கு வருவோம். நாம் கட்டுவது உறுதியான பணம். நமக்கு வருவது வருமா, வராதா, எவ்வளவு வரும் என்பது ஒருவருக்கும் தெரியாது. இத்தகைய தெளிவின்மையை ‘கரர்’ என்பார்கள். கரர் உள்ள வியாபாரத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் வந்துள்ளது. ஒருவர் இழந்தால்தான் மற்றவர் பெறுவார் என்ற அமைப்பு சூதாட்டத்தின் சாயலைக் கொண்டது. சூதாட்டம் ஹராம் என்பதை மாயிதா அத்தியாயம் தெளிவுபடுத்துகிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வசூலித்த பணத்தை வட்டியில் முதலீடு செய்வது இதற்கு மேலும் ஒரு காரணம்.

இது நேற்று முளைத்த மஸ்அலாவும் அன்று. திமிஷ்க் நகரத்து ஹனஃபி மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் 1836ஆம் ஆண்டு மறைந்தார்கள். அக்காலத்து வியாபாரிகள் கப்பல் வாடகையோடு வெளிநாட்டான் ஒருவனுக்குத் தனித்தொகையும் கொடுத்து வந்தனர். சரக்கு மூழ்கினாலோ எரிந்தாலோ கொள்ளை போனாலோ அவன் ஈடு தருவான். ‘ஸவ்கரா’ எனப்பட்ட இந்த ஏற்பாட்டை ‘ரத்துல் முஹ்தார்’ என்னும் தம் நூலில் ஆராய்ந்த இமாமவர்கள், அந்த ஈட்டைப் பெறுவது வியாபாரிக்குக் கூடாது என்ற முடிவுக்கு வந்தார்கள். 1978இல் மக்காவின் பிக்ஹு சபையும், 1985 டிசம்பரில் ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமியும் வியாபார ரீதியான இன்ஷூரன்ஸ் கூடாது என்றே தீர்மானித்தன. சிரியா நாட்டு அறிஞர் முஸ்தபா ஜர்க்கா (ரஹ்) போன்ற சிலர் ஆகும் என்றும் கருதியுள்ளனர். அவர்களையும் மதிக்கிறோம், எனினும் பெரும்பான்மையோரின் தீர்ப்பே பேணுதலானது.

“மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் எடுக்கிறோமே?” என்று கேட்கலாம். சாலையில் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான இன்ஷூரன்ஸை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. அது நிர்ப்பந்தம். கைபேசிக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. இன்ஷூரன்ஸ் எடுத்தால்தான் போன் தருவோம் என்று கடைக்காரர் வற்புறுத்தவும் முடியாது. ஒரு பொருளோடு மற்றொன்றையும் வாங்கியே தீரவேண்டும் என்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகமாகக் கருதுகிறது. பில்லைப் பார்த்து வாங்குங்கள். கேட்காமலே சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

வேறு வழி என்ன?

ஷரீஅத் ஒரு கதவை அடைத்தால் வேறு கதவைத் திறந்தே வைத்திருக்கும். ஒட்டகையைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது திர்மிதீயில் காணப்படுகிறது. போனுக்கு நல்ல உறையும் கண்ணாடிக்கு மேல் ஒரு காப்பும் வாங்கிப் போடுவது ஒட்டகையைக் கட்டுவதுதான். தாய்மார்களே! சோறு ஊட்டும்போது பிள்ளையின் கையில் போனைக் கொடுக்கும் பழக்கத்தை விட்டாலே பாதி ஆபத்து நீங்கிவிடும். பிள்ளையும் தட்டைப் பார்த்துச் சாப்பிடும்.

அடுத்து, வீட்டில் ஓர் உண்டியல் வையுங்கள். நாளொன்றுக்கு 5 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 1,825 ரூபாய் சேரும். கடைப்பையன் கேட்ட தொகைக்கு மேலேயே ஆகிறது! போன் உடைந்தால் அதிலிருந்து எடுங்கள். உடையாவிட்டால் பணம் உங்களுடையதே. மூன்றாண்டு உடையாமல் இருந்தால் 5,475 ரூபாய் கையில் நிற்கும். உங்கள் மற்றப் பணத்தோடு சேர்ந்து நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் ஜகாத்தில் இதையும் சேர்த்துக்கொள்ள மறவாதீர்கள்.

முதலாண்டிலேயே உடைந்துவிட்டால்? இங்கேதான் ஜமாஅத்து முன்வர வேண்டும். பயணத்திலோ ஊரிலோ உணவு குறைந்துவிட்டால், அஷ்அரீ கோத்திரத்தார் எல்லோரிடமும் இருப்பதை ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்ற கருத்தில் அண்ணலார் (ஸல்) அவர்கள் பாராட்டியது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஒரே தொழில் செய்யும் இருபது பேர், திரும்ப எதிர்பாராத நன்கொடையாக மாதந்தோறும் ஒரு சிறு தொகை போட்டு, கருவி பழுதானவருக்கு உதவலாம். மிஞ்சுவது அடுத்த ஆண்டுக்கு ஆகும், ஒருவருக்கும் லாபமாகாது. ‘தகாஃபுல்’ என்பதன் அடிப்படை இதுவே. மலேசியா 1984இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. இலங்கையில் 1999இல் அமானா தகாஃபுல் நிறுவனம் தோன்றியது. நம் நாட்டில் கைபேசிக்கு அத்தகைய வசதி இல்லை. ஆனால் பட்டு வியாபாரிகள் இருபது பேர் ஒன்றுகூட யாருடைய அனுமதி வேண்டும்?

ஏற்கெனவே வாங்கியவர்கள்

அறியாமல் எடுத்தவர்கள் ரத்துச் செய்து பணம் பெற வழியிருந்தால் செய்யவேண்டும். இல்லையெனில் தவ்பாச் செய்து, மறுமுறை புதுப்பிக்காமல் விடவேண்டும். போன் பழுதாகி ஈடு கிடைத்தால், கட்டிய தொகையளவு தமக்கு வைத்துக்கொண்டு, மேல்மிச்சத்தை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே பல முஃப்திகளின் விளக்கம். நியாயமின்றி மறுத்தால், முதலில் கம்பெனியிடம் எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்; சென்னையில் அலுவலகம் உண்டு.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். பழைய போனை வேண்டுமென்றே தரையில் அடித்துவிட்டுத் தவறி விழுந்தது என்பதும், எங்கோ மறந்து வைத்ததைத் திருடு போயிற்று என்று போலீசில் எழுதிக் கொடுப்பதும் இன்று சிலருக்குச் சாமர்த்தியமாகத் தோன்றுகின்றன. இன்ஷூரன்ஸ் ஆகும் என்ற உலமாக்களிடத்திலும் இது பச்சைப் பொய். பிறர் பொருளை மோசடியாக உண்பது. சேலையில் ஜரிகை பற்றிப் பொய் சொல்லி விற்பவனை ஆரணி கடைத்தெரு மன்னிக்குமா? கம்பெனி பெரியது என்பதால் பொய் சிறியதாகிவிடாது.

அந்த வாலிபர் மறுநாள் இன்ஷூரன்ஸ் இல்லாமலே போனை வாங்கி வந்தார். கூடவே ஓர் உறையும், ஒரு மண் உண்டியலும் வாங்கி வந்தார். உண்டியலைக் காட்டிச் சிரித்தபடி, “ஹஜ்ரத், முதல் 5 ரூபாய் போட்டாயிற்று” என்றார்.

வல்ல நாயன் நம் பொருளையும் நாவையும் ஹராமிலிருந்து காத்து, ஹலாலான சம்பாத்தியத்தில் பரக்கத்துச் செய்வானாக! ஆமீன்.