கருமத்திற்கேற்ற காமிரா

இராமநாதபுரத்திற்குத் தென்மேற்கே அமைந்துள்ள பழம்பெரும் ஊர் உத்தரகோசமங்கை. மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பம் பாடிய தலம் இதுவே. இங்குள்ள மங்களநாதர் திருக்கோயிலில் மரகதத்தாலாகிய நடராசப் பெருமான் திருவுருவம் ஒன்று உண்டு. அஃது ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பினுள் மறைந்திருக்கும். வழக்கமாக மார்கழித் திருவாதிரையை ஒட்டியே அக்காப்புக் களையப்படும். அப்போது மரகதத் திருமேனியைக் காண மக்கள் கடலெனத் திரள்வர். பின்னர்ப் புதுச் சந்தனம் சாத்தப்பெறும்.

இவ்விழாவை ஒருவர் சிறு செய்திப்படமாக எடுக்க விரும்புகின்றார் என்க. கோயிலார் இசைவு தந்த இடங்களில் மட்டுமே படம் எடுத்தல் வேண்டும் என்பது முதல் விதி. அடுத்து எழுவது, எந்த வீடியோ காமிராவை வாங்குவது என்னும் வினா. விலை மிகுந்ததே சிறந்தது என்பர் சிலர்; பெயர் பெற்றதே சிறந்தது என்பர் வேறு சிலர். ஆனால், பொருந்தாத கருவியோடு சென்றால் அப்பிழையைத் திருத்த ஓராண்டு காத்திருக்க நேரும். ஆதலின், "எது சிறந்த காமிரா?" என்று கேட்பதற்கு முன், "எடுக்கப்போகும் படம் யாது?" என்று கேட்டல் வேண்டும்.

இவ்விழாவின் பெரும்பகுதி இரவில் நிகழ்வது. மண்டபத்து மூலைகளில் இருள் செறிந்திருக்கும். படத்திற்காகப் பெருவிளக்கு ஏற்றினால் வழிபடுவோர்க்கு இடையூறாகும். எனவே, குறைந்த ஒளியிலும் தெளிவாகப் பதியும் காமிராவே வேண்டும். இத்திறன் சிறப்பாக லென்ஸ், ஒளியுணரி என்னும் இரண்டு உறுப்புகளைப் பொறுத்தது. லென்ஸின் துளையை எண்ணால் குறிப்பர். எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். 2 என்னும் எண்ணுள்ள துளை, 4 என்னும் எண்ணுள்ள துளையைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஒளியுணரி பெரிதாயின், அஃது ஏற்கும் ஒளியும் மிகும்.

ஸ்டான்லி குப்ரிக் என்னும் இயக்குநர், 1975இல் வெளிவந்த 'பேரி லிண்டன்' படத்தின் சில காட்சிகளை மெழுகுவத்தி ஒளியிலேயே எடுக்க விழைந்தார். அதற்காக, நாசாவுக்கெனச் சைஸ் நிறுவனம் செய்திருந்த 0.7 எண்ணுள்ள லென்ஸைத் தேடிப் பெற்றார். அது பொருந்துமாறு காமிராவையும் மாற்றி அமைக்கச் செய்தார். அங்கே காட்சியின் தேவை முன்னே சென்றது. கருவி பின்னே வந்தது.

இனி, நெரிசலைக் கருத வேண்டும். கூட்டத்திடையே முக்காலியை விரிக்க இடம் இராது. ஆதலால் காமிரா எடை குறைந்ததாகவும், கை நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்புடையதாகவும் இருத்தல் நலம். தொலைவிலுள்ளதை அண்மையிற் காட்டும் சிறு காமிராக்கள் உண்டு. ஆனால், அவற்றுள் பல இருளில் தெளிவாகப் பதியமாட்டா. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். இவ்விழாவிற்குத் தொலைவைவிட இருளே பெருந்தடை. மேலும், நாகசுரமும் தவிலும் மக்கள் ஆரவாரமும் நன்கு பதிய, தனி ஒலிவாங்கியை இணைக்கும் வாயில் இன்றியமையாதது.

காலக் கணக்கும் வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதியும் காமிராவுக்கு ஒரு மணி நேரத்திற்கு 45 ஜிகாபைட் இடம் தேவை. ஆறு மணி நேரத்திற்கு 270 ஜிகாபைட் ஆகும். அதற்கேற்ற நினைவக அட்டைகளும் மாற்று பேட்டரிகளும் கையில் இல்லாவிடின், விலையுயர்ந்த காமிராவும் நள்ளிரவில் வெறும் சுமையாகிவிடும்.

அதே படத்தில் பாம்பன் மீனவர் வாழ்வையும் சேர்க்க எண்ணினால் தேவை மாறும். அங்கே ஒளிக்குக் குறைவில்லை. உப்புக் காற்றும் மணலும் நீர்த்துளியுமே பகை. அவை உட்புகாத கட்டமைப்பே அங்கு முதன்மையானது. கனடாவின் வடபகுதியில் இனூயிட் மக்களைப் படமெடுத்த இராபர்ட் பிளாகர்ட்டி, ஏக்லி என்னும் காமிராக்கள் இரண்டைக் கொண்டு சென்றார். கடுங்குளிரில் எண்ணெய் உறைந்துவிடும். அக்காமிராக்களுக்கோ எண்ணெய்க்கு மாறாகக் கிராபைட் தூளே போதுமானதாயிருந்தது. அவர் எடுத்த 'நானூக்' படம் 1922இல் வெளிவந்து புகழ் பெற்றது.

தேர்ந்தெடுத்த காமிராவை விழாவிற்குச் சில நாள் முன்னரே ஓர் இரவில் வீதிக்கு எடுத்துச் சென்று பழகிப் பார்த்தல் அறிவுடைமை. விளம்பரம் கூறாத குறைகளை அவ்வோர் இரவு கூறிவிடும்.

பழைய இராமநாதபுர மாவட்டத்துக் கோட்டையூரிற் பிறந்த ஏ. கே. செட்டியார், பல நாடுகளுக்குச் சென்று, பலர் எடுத்திருந்த படச்சுருள்களைத் திரட்டி, காந்தியடிகளைப் பற்றிய செய்திப்படத்தை 1940இல் வெளியிட்டார். அதனைப் போற்றுவோர், அச்சுருள்கள் எந்தக் காமிராவால் எடுக்கப்பட்டன என்று வினவுவதில்லை. அண்ணலின் நடையையும் முகத்தையுமே காண விழைகின்றனர். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது பழமொழி. எவ்விடத்திற்கு எப்புல் ஏற்றது என்று அறிவதும் அவ்வல்லமையின் ஒரு பகுதியேயாகும்.