செக்சம் கடைசியில்தான்

ஈசியூவை (எஞ்சின் கம்ப்யூட்டர்) ஃபிளாஷ் செய்து முடித்ததும் என் ஆக்டேவியா ஆர்எஸ் செல்ஃப் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. ட்யூனர் முதலில் இக்னிஷன் காயில் என்றார், பிறகு பெட்ரோல் பம்ப் என்றார். காயிலுக்குப் பணமும் வாங்கிக்கொண்டார். ஸ்கேனரில் வந்தது பி0601. ஈசியூ மெமரியின் செக்சம் தப்பு என்பதற்கான கோடு அது. அதைக் காட்டியும் அவர் காயில் பேச்சை விடவில்லை. காசை விட அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடந்தது இதுதான்: அவர் மேப்பை மாற்றினார், செக்சமைத் திருத்தினார். அத்தோடு நிறுத்தி எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. "பூஸ்ட் இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம் சார்" என்று எல்டிஆர்எக்ஸ்என் (அதிகபட்ச லோட்) டேபிளில் இரண்டு கட்டத்தை ஏற்றி, சேவ் செய்து, அப்படியே எழுதிவிட்டார்.

இந்த வண்டியில் இருப்பது போஷ் எம்இ7.5. ஃபைல் 1 எம்பி. அதில் செக்சம் ஒன்றல்ல, பல. ஃபைலைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால் துண்டுக்கு நான்கு எண்கள் வரிசையாக நிற்கும்: தொடக்க முகவரி, முடிவு முகவரி, கூட்டுத்தொகை, அந்தத் தொகையின் பிட்களைப் புரட்டிய எண். தொகையில் 0 உள்ள இடத்தில் பக்கத்து எண்ணில் எஃப் இருக்கும், 1 இருந்தால் ஈ. கட்டத்தில் ஒரு மதிப்பைத் தொட்டாலும் அந்தத் துண்டின் கணக்கு உதைக்கும். ஆகவே எடிட் எல்லாம் முடிந்த பிறகுதான் செக்சம். அதற்குப் பின் ஃபைலைத் தொடவே கூடாது.

திருத்திய சாஃப்ட்வேரே "ஓகே" சொன்னால் நம்பாதீர்கள். வின்ஓஎல்எஸ் என்ற மேப் எடிட்டரில் அந்த ஈசியூவுக்கான செக்சம் மாட்யூல் இருந்தால்தான் அது திருத்தும். சேவ் செய்த ஃபைலை எம்இ7செக் மாதிரி வேறொரு செக்சம் சோதிக்கும் கருவியில் திறந்து பாருங்கள். ஒரிஜினலை இரண்டு முறை படித்து ஒப்பிட்டு வைப்பது, பேட்டரிக்குச் சார்ஜர் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

"செக்சம் பார்க்கிற ரூட்டீனையே ஆஃப் பண்ணிடலாம்" என்றும் அவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளைக்கு ஃபிளாஷில் ஒரு பைட் கெட்டால் ஈசியூவுக்கு அது தெரியாமலே போகும். எஞ்சின் என்னுடையது, அவருடையதல்ல.

செக்சம் சரியானதால் ட்யூன் சரி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பெட்ரோல் குறைவாகப் போய் பிஸ்டனை உருக்கும் மேப்புக்கும் கூட்டுத்தொகை ஒழுங்காகவே வரும். இடிசி17 மாதிரி பின்னாளில் வந்த ஈசியூக்களில் டிஜிட்டல் கையெழுத்தும் உண்டு. அங்கே கூட்டுத்தொகையை மட்டும் சரிசெய்து பயனில்லை.

பணம் கொடுக்கும் முன் ஒரிஜினல், எழுதப்போகும் ஃபைல் இரண்டையும் கேட்டு வாங்கி உங்கள் லேப்டாப்பிலேயே சோதித்துவிடுங்கள். தர மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.