நூலின் கண்ணியும் புரதத்தின் மடிப்பும்

திருப்பூரின் பின்னல் இயந்திரம் நூலைக் கண்ணி கண்ணியாக வளைத்து, ஒன்றோடொன்று கோத்துத் துணியாக்குகிறது. கண்ணியின் அமைப்பு மாறினால் துணியின் தன்மையும் மாறும். நம் உடலின் புரதங்களும் இத்தகையனவே. அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி, மடிந்து உருப்பெற்ற பின்னரே பெரும்பாலும் தன் பணியைச் செய்கிறது.

நோயெதிர்ப்பு உயிரணுக்களின் ஏற்பிகளும் எதிர்ப்பொருள்களும் புரதங்களே. கிருமியைப் பற்றும் எதிர்ப்பொருளின் முனை ஒவ்வொன்றிலும் பொதுவாக ஆறு வளைவுகள் உள்ளன. அவ்வளைவுகள் கிருமியின் கூறுகளோடு பொருந்தினால்தான் பிடி கிட்டும். அவ்வடிவத்தைக் கணினியால் கணித்து, அதற்கேற்ப மருந்தை வடிவமைப்பது இன்றைய ஆய்வுமுறைகளுள் ஒன்று.

ஆயின், கணினி வரைந்த வடிவம் இயற்கையில் இயலக்கூடியதா? இதனை அறியும் வழி சென்னையில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் இணைந்து 1963ஆம் ஆண்டு ஒரு வரைபடத்தை வெளியிட்டார். புரதச் சங்கிலியின் முதுகெலும்பில் ஒவ்வோர் அமினோ அமிலமும் இரு கோணங்களில் திரும்பக்கூடும். அணுக்கள் மோதிக்கொள்ளும் கோணங்களை விலக்கி, மோதாதவற்றை அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். அதுவே ‘இராமச்சந்திரன் வரைபடம்’.

இன்றும் உலகெங்கும் புரத வடிவங்கள் இவ்வுரைகல்லில் உரசிப் பார்க்கப்படுகின்றன. விலக்கப்பட்ட பகுதியில் புள்ளிகள் விழுந்தால், ஆய்வாளர் தம் வடிவத்தை மீண்டும் ஆராய்வர். வெட்டுவதற்கு முன் துணியை ஒளியில் விரித்துக் குறை தேடும் தொழிலாளியின் கண்போல, மருந்தாகும் முன்னரே பிழையைக் காட்டுகிறது அவ்வரைபடம்.