மகள் கேட்கும் இயர்பட்ஸ்... எதை வாங்கித் தருவது?

தசராவின்போது குலசேகரன்பட்டினம் போயிருக்கிறீர்களா? வேஷம் கட்டியவர்கள், தாரை தப்பட்டை, ஒலிபெருக்கி... கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு சத்தம்! 'என்னால் தாங்க முடியலை' என்று காது சொல்லும் புகார் அது. திருவிழா வருஷத்துக்கு ஒருமுறைதான். ஆனால், நம் பிள்ளைகள் தினமும் பஸ்ஸிலேயே அந்தப் புகாரை வரவழைத்துக் கொள்கிறார்கள்.

எப்படி? குலசையிலிருந்து திருச்செந்தூர் வழியாகத் தூத்துக்குடி காலேஜுக்குப் போகும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் இன்ஜின் இரைச்சலில் பாட்டு அமுங்கிப் போகிறது. உடனே சத்தத்தைக் கூட்டுகிறாள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதுவே 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்தான்! போகவர தினம் மூன்று மணி நேரம் என்றால், இரண்டாம் நாளே ஒரு வாரத்துக்கான அளவு தீர்ந்துவிடும். உட்செவியில் இருக்கும் நுண்ணிய மயிர் செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

'இரைச்சலைக் குறைக்கும்' இயர்பட்ஸ் உதவுவது இங்கேதான். அதிலுள்ள குட்டி மைக், வெளிச் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான ஒலி அலையை உண்டாக்குகிறது. இரண்டும் மோதி அடங்கிவிடும். இன்ஜின், ஃபேன் மாதிரி ஒரே சீராக வரும் சத்தத்தை இது நன்றாக அடக்கும். ஆகவே பாட்டைக் குறைத்து வைத்தாலே போதும்.

இரண்டில் எது?

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று, சிலிக்கான் முனையோடு காதுத் துளையை அடைப்பது. மற்றது, முனையில்லாமல் காதில் சும்மா உட்கார்வது. உதாரணத்துக்கு, 2025-ல் வந்த ஏர்பாட்ஸ் ப்ரோ 3 முதல் வகை. அறிமுக விலை 25,900 ரூபாய். முனைகள் ஐந்து அளவில் வரும். ஒருமுறை சார்ஜ் செய்தால், இரைச்சல் குறைப்போடு 8 மணி நேரம் ஓடும் என்கிறது கம்பெனி. 2024-ல் வந்த ஏர்பாட்ஸ் 4 இரண்டாவது வகை. 17,900 ரூபாய், 4 மணி நேரம். உஷார்... இதே பெயரில் 12,900 ரூபாய்க்கு வந்ததில் இரைச்சல் குறைப்பே கிடையாது!

தினமும் பஸ், ரயில் என்றால் அடைக்கும் வகைதான் சரி. அடைப்பே பாதி இரைச்சல் வேலையைப் பார்த்துவிடும். வீட்டில் படிக்க, ஆன்லைன் வகுப்பு கேட்க, அல்லது காது அடைத்தாலே எரிச்சல் வரும் என்றால் திறந்த வகை போதும். இதைவிடக் குறைந்த விலையில் மற்ற கம்பெனிகளிலும் இரண்டு வகையும் உண்டு. பெயரைவிட, காதில் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம்.

இதையும் கவனியுங்கள்

* சத்தம் 60 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டாம்.

* ரோட்டைக் கடக்கும்போது கழற்றிவிடுங்கள். ஹாரன் காதில் விழ வேண்டாமா?

* கடலோரப் புழுக்கத்தில் காது சீக்கிரம் வியர்க்கும். ஈரக் காதை அடைத்து வைத்தால் காளான் தொற்று வரலாம். அவ்வப்போது கழற்றிக் காற்றாட விடுங்கள். முனையைத் துடைத்து வையுங்கள். ஒருவர் போட்டதை மற்றவர் போட வேண்டாம்.

* தப்பட்டை அடி மாதிரி திடீர் சத்தத்துக்கு இதை நம்பாதீர்கள். திருவிழாவில் ஒலிபெருக்கியைவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

* காது வலி, சீழ் இருந்தால் எதையும் மாட்டாதீர்கள். 'கொய்ங்' சத்தம் ஓரிரு நாளில் அடங்காவிட்டால் காது டாக்டரைப் பாருங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடுங்கள்!

வாங்கிக் கொடுத்த பிறகு ஒரு நாள், அவள் பாட்டுக் கேட்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். சாதாரணக் குரலில் "சாப்பிட வர்றியாம்மா?" என்று கேளுங்கள். இரைச்சல் குறைப்பை நிறுத்திய பிறகும் அவள் திரும்பவில்லை என்றால், மாற்ற வேண்டியது இயர்பட்ஸை அல்ல... சத்தத்தின் அளவை!