எதிரி நாட்டுக் குழந்தைகளுக்கு உதவலாமா?

கேள்வி: ‘சேவ் தி சில்ட்ரன்’ அமைப்பு எதிரி நாட்டுப் பிள்ளைகளுக்கு உதவத்தான் தொடங்கப்பட்டதாமே, அது நியாயமா?

பதில்: நியாயம்தான். 1918 நவம்பரில் முதல் உலகப் போரின் சண்டை ஓய்ந்த பிறகும் நேச நாடுகள் கடல் முற்றுகையை விலக்கவில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பாலுக்கு ஏங்கிச் செத்தார்கள். அந்தப் பட்டினிக்கு பிரிட்டனின் கொள்கையே ஒரு காரணம் எனும்போது, பிரிட்டிஷ் மக்கள் கைகழுவிவிட முடியுமா? அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான பிரிட்டிஷ் பெண் எக்லன்டைன் ஜெப் கேட்டது இதைத்தான். தலை பெருத்து, கைகால் சூம்பிய ஆஸ்திரியக் குழந்தையின் படம் போட்ட துண்டறிக்கையை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கொடுத்ததற்காக 1919இல் கைதானார். அபராதம் 5 பவுண்டு. அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞரே அந்தப் பணத்தைக் கொடுத்தார்! அதே ஆண்டு அமைப்பு பிறந்தது.

‘முதலில் நம் பிள்ளைகளைப் பார்ப்போம்’ என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் லண்டன் ஏழைக்கு அரசாங்கம் என்று ஒன்று இருந்தது. வியன்னா குழந்தைக்கோ வழியே அடைக்கப்பட்டிருந்தது. 1921இல் ரஷ்யப் பஞ்சத்துக்கு உதவியபோது, போல்ஷெவிக் அரசுக்கு முட்டுக்கொடுப்பதாகச் சாடினார்கள். சராத்தவ் வட்டாரத்தில் அமைப்பு செய்ததோ, சமையற்கூடங்கள் நடத்திப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. அந்தச் சோறு எந்த அரசைக் காப்பாற்றியிருக்கும்? ஜெப் வரைந்த ஐந்து அம்சக் குழந்தை உரிமைப் பிரகடனத்தை 1924இல் சர்வதேச சங்கம் ஏற்றது. ஆபத்தில் உதவி முதலில் குழந்தைக்கே போக வேண்டும் என்கிறது அதன் மூன்றாவது அம்சம். எந்த நாட்டுக் குழந்தை என்று அது பிரிக்கவில்லை.