மேரியனின் நியாயம்

சிரஞ்சீவி குழந்தைக்கு,

ராபின் ஹூட் கதையை அவன் காதலி மேரியன் தன் வாயாலேயே சொல்வதுபோல் எழுத ஆசைப்படுவதாகவும், தலைமுறை தலைமுறையாக ஒருவிதமாகச் சொல்லிவந்த கதையை வேறுவிதமாகச் சொல்ல உனக்கு அதிகாரம் உண்டா என்னும் தயக்கம் எழுதவிடாமல் தடுப்பதாகவும் எழுதியிருந்தாய். அதிகாரம் உனக்குப் பரிபூரணமாக உண்டு. ஆனால் அந்த அதிகாரத்தோடு ஒரு கடமையும் உன்னை வந்து சேர்கிறது. இரண்டையும் உனக்கு எடுத்துச் சொல்லவே இக்கடிதம்.

முதலில் அதிகாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். ராபின் ஹூட்டைப் பற்றிய பாட்டுகள் இங்கிலாந்தில் வழங்கின என்பதற்கு மிகப் பழைய இலக்கியச் சான்று 1377-ஆம் ஆண்டை ஒட்டியது. ஜபத்தைக்கூடப் பிழையின்றிச் சொல்லத் தெரியாத ஒரு சோம்பேறிப் பாதிரியாருக்கு ராபின் ஹூட் பாட்டுகள் தெரிந்திருந்ததாக வில்லியம் லாங்லண்ட் என்ற கவிஞர் தம் காவியத்தில் எழுதிவைத்தார். ராபினையும் ஒரு துறவியையும் பற்றிய கதைப்பாடல் 1450-ஐ ஒட்டிய கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது. 1500-ஐ ஒட்டி அச்சேறிய நெடும்பாடல் ஒன்று 456 செய்யுட்களில் அவன் சரிதத்தை விரித்துரைக்கிறது. இவை எவற்றிலும் மேரியன் என்று ஒருத்தி இல்லவே இல்லை. அங்கே ராபின் பிரபுவும் அல்லன். சாதாரணக் குடியில் பிறந்த ஒரு வில்லாளி. அவன் பக்தியோடு பணிகின்ற பெண் தேவமாதா ஒருத்தியே. அந்த நெடும்பாடலில் வரும் அரசருக்கும் எட்வர்டு என்றுதான் பெயர். ராபினை ரிச்சர்டு மன்னரின் காலத்தவனாக்கியவர் 1521-இல் சரித்திரம் எழுதிய ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் மேஜர்.

மேரியன் வந்த வழி வேறு. 1283-ஐ ஒட்டி ஆதாம் தெ லா ஆல் என்ற பிரெஞ்சுக் கவிஞர் இயற்றிய இசை நாடகத்தில் மரியோன் என்னும் ஆட்டிடைச்சி வருகிறாள். குதிரையேறி வந்து ஆசை வார்த்தை பேசும் வீரன் ஒருவனைத் துணிவோடு மறுத்துவிட்டு, ராபின் என்ற பெயருடைய தன் இடையனிடமே அவள் அன்பு மாறாமல் நிற்கிறாள். அந்த ராபின் நம் வில்லாளி அல்லன். ஆயினும் அந்த மரபு கடல் கடந்து வந்து, இங்கிலாந்தின் மே மாத வசந்த விழாக்களில் வில்லாளியின் ஆட்டத்தோடு கலந்து, பெயர் ஒற்றுமையினால் அவளை இவனுக்குத் துணையாக்கிவிட்டது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். 1598-இல் ஆண்டனி மன்டே என்ற நாடகாசிரியர் ராபினை ஹண்டிங்டன் பிரபுவாக உயர்த்தியபோது, மேரியனையும் ஃபிட்ஸ்வாட்டர் பிரபுவின் மகள் மட்டில்டா என்று ஆக்கினார். 1822-இல் தாமஸ் லவ் பீகாக் தம் நாவலுக்கு அவள் பெயரையே சூட்டினார். ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய மேரியனைத் தானே படைத்துக்கொண்டிருக்கிறது என்பது இதனால் விளங்கும். ஆகையால், புனிதமான மூலம் ஒன்றைக் கெடுத்துவிடுவோமோ என்று நீ அஞ்ச வேண்டியதில்லை. உனக்கு முன் வந்தவர்கள் செய்ததையே நீயும் செய்யப் போகிறாய்.

இனிக் கடமை. 'அவன் போனான்' என்று இருந்த இடங்களிலெல்லாம் 'அவன் போவதை நான் பார்த்தேன்' என்று மாற்றிவிடுவதால் கதை மேரியனுடையதாகிவிடாது. அவ்விதம் எழுதினால் கதை அவனுடையதாகவே இருக்க, அவள் அதற்குச் சாட்சி சொல்பவளாக மட்டுமே நிற்பாள். அவளுக்கென்று ஒரு நஷ்டம், அவளுக்கென்று ஒரு கேள்வி, அவளே செய்ய வேண்டிய ஒரு தீர்மானம் ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும். இவற்றைக் கண்டுபிடிக்க அக்காலத்துச் சட்டத்தையும் வாழ்க்கையையும் நீ கற்றறிய வேண்டும்.

ராபினைச் சட்டத்துக்குப் புறம்பானவன் என்கிறோமே, அதன் பொருள் என்ன? அக்காலத்து இங்கிலாந்தில் பன்னிரண்டு வயது நிறைந்த ஆண்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பிணையாக நிற்கும் சிறு குழுக்களில் பிரமாணம் செய்து சேர்க்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவன், நியாயசபை பலமுறை அழைத்தும் வராமற்போனால், சட்டத்தின் பாதுகாப்பு அவனிடமிருந்து நீக்கப்படும். அவனுடைய பொருள் பறிமுதலாகும். ஓநாயைப் போல வேட்டையாடத் தக்கவன் என்னும் பொருளில், ஓநாயின் தலையைச் சுமப்பவனாக அவன் கருதப்பட்டான். பெண்களோ அந்தக் குழுக்களில் ஒருபோதும் சேர்க்கப்படவில்லை. சட்டத்துக்குள் பிரமாணம் செய்து நுழையாதவளை அதிலிருந்து வெளியேற்றுவது எங்ஙனம் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டின் சட்ட நூலார் வாதித்தார்கள். தப்பியோடிய பெண்ணை அவர்கள் சட்டத்துக்குப் புறம்பானவள் என்று கூறவில்லை, கேட்பாரற்றுக் கைவிடப்பட்டவள் என்று கூறினார்கள். அவளுக்கு நேர்ந்த தீங்கு ஆணுக்கு நேர்ந்ததற்குச் சற்றும் குறைந்ததன்று.

மேரியனைப் போன்ற பிரபு குலத்துப் பெண்ணின் நிலையைப் பார். தந்தை இறந்து, ஆண் வாரிசும் இல்லாவிட்டால், அரசரிடமிருந்து நேரே நிலம் பெற்ற அவ்வீட்டுப் பெண்ணை மணம் செய்து கொடுக்கும் உரிமை அரசருக்கே உரியதாயிற்று; அவர் அதை விற்கலாம், தமக்கு ஊழியம் செய்த வீரனுக்குப் பரிசாகவும் தரலாம். 1185-இல், இரண்டாம் ஹென்றி மன்னரின் ஆட்சியில், இவ்விதம் அரசரின் கையிலிருந்த விதவைகளையும் இளம் வாரிசுகளையும் பன்னிரண்டு மாவட்டங்களில் விசாரித்து ஒரு பதிவேடு தயாரித்தார்கள். சந்தையில் மாட்டைப் பல் பார்த்து விலை பேசுவதுபோல, இன்ன பெண்ணுக்கு இத்தனை வயது, இத்தனை குழந்தைகள், அவளுடைய நிலத்தின் வருமானம் இவ்வளவு என்று அதில் குறித்திருக்கிறார்கள். தங்களைக் கட்டாயப்படுத்தி மணம் செய்விக்காதிருக்க விதவைகள் அரசருக்குப் பணம் கட்டினார்கள். மறுமணம் செய்துகொள்ள விரும்பாத விதவையை வற்புறுத்தலாகாது என்னும் விதி, மாக்னா கார்ட்டா எனப்படும் 1215-இன் மகாசாசனத்தில் இடம்பெற்றது.

குழந்தாய், உன் கதையின் ஆதாரசுருதி இங்கேதான் இருக்கிறது. ராபின் காட்டுக்கு வந்தபோது, தனக்கு இருந்த ஒன்றை இழந்து வந்தான். நல்ல அரசர் திரும்பி வந்தால் அதைத் திரும்பப் பெறலாம் என்ற நம்பிக்கையும் அவனுக்கு இருந்தது. மேரியனோ தனக்கு ஒருநாளும் கொடுக்கப்படாத ஒன்றைத் தேடிக்கொண்டு வந்தாள். அவன் மன்னிப்புப் பெற்று ஊர் திரும்பும் நாள் அவனுக்கு விடுதலை நாள். அவளுக்கோ அது மறுபடியும் ஒருவருடைய தானப்பொருளாகும் நாளாக முடியலாம். ஒரே மரத்தடியில் அமர்ந்து, ஒரே தீயில் குளிர்காய்ந்து, ஒருவரையொருவர் உயிராக நேசிக்கும் இருவருக்கு அந்தக் காடு இரண்டு வேறு பொருள் தருகிறது. இந்த வேற்றுமையை நீ உணர்ந்து எழுதினால், பழைய சம்பவங்களில் ஒன்றைக்கூட மாற்றாமலே கதை புதிதாகிவிடும்.

மேரியன் கையில் வாளைக் கொடுத்துவிட்டாலே அவளுக்கு நியாயம் செய்ததாகிவிடும் என்று எண்ணுவோர் உண்டு. வாள் அவளுக்குப் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டுக் கதைப்பாடல் ஒன்றில் அவள் ஏவலிளைஞனைப் போல் ஆணுடை தரித்து, வாளும் கேடயமும் வில்லும் ஏந்திக் காதலனைத் தேடிப் புறப்படுகிறாள். மாறுவேடத்திலிருந்த ராபினும் அவளும் ஒருவரையொருவர் அறியாமல், இருவர் உடலிலும் குருதி வழியப் பொருதுகிறார்கள். சளைத்துப்போய்ச் சண்டையை நிறுத்தும்படி கேட்டு, தன் கூட்டத்தில் சேர அழைப்பவன் ராபினே. அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் அவனை அறிந்துகொள்கிறாள். இவ்வளவு அழகிய கட்டத்தை அமைத்த பாடகர், அதன் பிறகு அவளுக்குச் செய்வதற்கு ஒன்றும் வைக்கவில்லை. விருந்து நடக்கிறது, பாட்டு முடிகிறது. சண்டையில் அவள் சமம் என்று காட்டியவர், மறுநாட் காலையில் கூட்டத்தின் ஆலோசனையில் அவளுக்கு என்ன ஸ்தானம் என்று சொல்லாமல் விட்டார். நீ அந்த மறுநாட் காலையை எழுது.

அப்படிப்பட்ட பெண் அக்காலத்தில் இருந்திருக்க முடியுமா என்று உன்னைக் கேட்பார்கள். நாட்டிங்ஹாமுக்கு அடுத்த மாவட்டமாகிய லிங்கனில், ரிச்சர்டு, ஜான் ஆகிய இரு மன்னர்களின் காலத்தில், நிகோலா தெ லா ஹே என்ற சீமாட்டி வாழ்ந்தாள். 1191-இல் அவள் லிங்கன் கோட்டையை முற்றுகையினின்று காத்தாள். 1216-இல் ஜான் மன்னர் அவளையே லிங்கன் மாவட்டத்தின் ஷெரீப் பதவியில் அமர்த்தினார். 1217-இல், முதிய வயதில், பிரெஞ்சுப் படையும் அதனோடு சேர்ந்த கலகக்காரரும் சூழ்ந்தபோதும் உதவிப் படை வரும்வரை கோட்டையை விட்டுக்கொடுக்கவில்லை. கதையில் துஷ்டனுக்கே உரியதாய் நாம் அறிந்த ஷெரீப் பதவியில் ஒரு பெண் இருந்தாள் என்பதையும், நாம் கொடுங்கோலன் என்று வெறுக்கும் ஜானின் பக்கத்தில் உறுதியாக நின்றாள் என்பதையும் சேர்த்து யோசி. உன் மேரியன் அவளைச் சந்தித்தால் இருவரும் என்ன பேசியிருப்பார்கள்? சரித்திரம் கற்பனைக்குப் பகை அன்று. கற்பனை தானாகப் போகத் துணியாத இடங்களுக்கு அது வழிகாட்டும்.

ரிச்சர்டு மன்னரையும் மேரியனின் கண்ணால் பார்க்க வேண்டும். பத்தாண்டு ஆட்சியில் அவர் இங்கிலாந்தில் தங்கியது ஏறக்குறைய ஆறே மாதம். 1192-இல் ஆஸ்திரியாவில் சிறைப்பட்ட அவரை மீட்க 1,50,000 மார்க்கு விதிக்கப்பட்டது; குடிகளின் வருமானத்திலும் அசையும் பொருளிலும் நான்கில் ஒரு பங்கு கேட்கப்பட்டது; சிஸ்டெர்சியன் துறவிகளின் அவ்வாண்டுக் கம்பளியும் போயிற்று. 1194-இல் மீண்டுவந்த அவர் நாட்டிங்ஹாம் கோட்டையைப் பிடித்தபின் ஷெர்வுட் காட்டைச் சென்று கண்டு மகிழ்ந்தார் என்று அக்காலத்துச் சரித்திரக்காரர் குறித்திருக்கிறார். நூல் நூற்றுப் பிழைத்த கைம்பெண்ணொருத்தி அவரை மீட்க விதித்த வரியை எப்படிக் கட்டினாள் என்பதை அறிந்த மேரியன், காட்டில் அவரை வரவேற்கும்போது ராபினைப் போல் தடையின்றி மண்டியிடுவாளா?

ஏழைப் பெண்களையும், அவர்கள் வீடுகளை நெருக்கிய வனச் சட்டத்தையும் மறந்துவிடாதே. வன எல்லைக்குள் வாழ்ந்தவர்களின் நாய்கள் மானைத் துரத்தாதபடி முன்காலில் மூன்று நகங்களை வெட்டினார்கள். மானைக் கொன்றவன் உயிரையோ உறுப்பையோ இழக்கும் கொடுமை 1217-இன் வன சாசனத்தால்தான் நீங்கிற்று. சட்டம் கைவிட்டவனுக்குச் சோறிடுவதும் குற்றமே. அப்படியிருந்தும் கூட்டத்தை வாழவைக்கும் ரொட்டியும் உப்பும் துணியும் கிராமத்து வீடுகளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். பழைய நெடும்பாடலில், ஷெரீப்பிடம் சிக்கிய தன் கணவனைக் காக்க வேண்டிக் குதிரையேறி ராபினிடம் விரைந்து வரும் சீமாட்டி ஒருத்தி சில செய்யுட்களில் தோன்றி மறைகிறாள். அவளைப் போன்றவர்களோடும், ரொட்டி சுட்டு அனுப்பியவர்களோடும் பேசக்கூடியவள் மேரியன் ஒருத்தியே. அவள் சொல்லாவிட்டால் அவர்களுக்காகச் சொல்வோர் இல்லை.

கடைசியாக, முடிவைப் பற்றிக் கேட்டிருந்தாய். மன்டேயின் நாடகத்தில், ராபின் இறந்தபின் ஜான் மன்னரின் இச்சைக்கு இணங்காத மட்டில்டா டன்மோ மடத்தில் நஞ்சூட்டிக் கொல்லப்படுகிறாள். 1892-இல் அரங்கேறிய டென்னிசனின் நாடகம் மன்னரின் வரவோடும் மங்கலத்தோடும் நிறைவேறுகிறது. எதை வேண்டுமானாலும் கொள். புதிதாக ஒன்றையும் படைக்கலாம். ஆனால் அந்த முடிவை மேரியனின் தீர்மானம் கொண்டுவர வேண்டும். மன்னரின் கருணையோ வில்லனின் நஞ்சோ மட்டும் கொண்டுவந்து சேர்த்ததாக இருத்தலாகாது. சாவை ஏற்பதானாலும் எதை மறுத்து ஏற்கிறாள் என்பதை அவள் அறிந்திருக்கட்டும்.

பழைய பாடல்களில் ராபினைக் கொல்பவளும் ஒரு பெண்ணே. கர்க்லீஸ் கன்னிமடத்துத் தலைவி, அவனுக்கு உறவினள், வைத்தியம் என்று இரத்தம் வாங்குபவள்போல் அவனைச் சாகவிடுகிறாள். அவள் ஏன் அவ்வாறு செய்தாள் என்று பழைய பாடகர்கள் ஆழ்ந்து விசாரிக்கவில்லை. மேரியனுக்காக வாதாட வந்த நீயும் அவளை விசாரியாமல் தண்டித்துவிட்டால், ஆண்டாண்டுக் காலமாக மேரியனுக்கு இழைத்த அநீதியை இன்னொருத்திக்கு இழைத்தவளாவாய். அவளை மன்னிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவளுக்கும் ஒரு காரணமும் ஒரு வாக்குமூலமும் கொடு என்கிறேன். தான் நேசிப்பவளுக்கு மட்டுமன்றித் தன்னால் நேசிக்க முடியாதவளுக்கும் காது கொடுப்பவளே கதை சொல்லத் தகுதி பெற்றவள். அந்தத் தகுதியை நீ அடைவாய் என்ற பூரண நம்பிக்கை எனக்கு உண்டு. முதல் அத்தியாயம் எழுதி முடிந்ததும் தாமதியாமல் அனுப்பி வை.

இங்ஙனம்,
உன் பெரியப்பா