மலை நகரத்துப் புல்தரையும் வறட்சிக்கால நீரும்

நீலகிரி ஜில்லாவின் தலைநகரான உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 7,350 அடி உயரத்தில் அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் அங்கே பெய்கின்றன. ஆகையால் அவ்வூரில் தண்ணீர் முடை உண்டாகும் என்று சமவெளியில் வாழ்வோர் எண்ணுவதில்லை. ஆனால் ஜனவரி முதல் மார்ச்சு முடிய அங்கும் மழை மிகக் குறைவு. அதற்கு முந்திய பருவமழையும் பொய்த்துவிடின், ஓடைகள் மெலிந்து நீர்த்தேக்கங்கள் இறங்கிவிடுகின்றன. 2016-ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பெரிதும் பொய்த்தமையால், 2017 ஜனவரியில் தமிழ்நாடு அரசு எல்லா ஜில்லாக்களையும் வறட்சியுற்றனவாக அறிவித்தது. 2024 ஏப்ரல் 29-ஆம் தேதி உதகமண்டலத்தில் 29 டிகிரி செல்ஷியஸ் வெப்பம் பதிவாயிற்று. அக்குளிர்ந்த ஊருக்கு இது மிக அரிய அளவாகும்.

ஏப்ரல், மே மாதங்களில் வெளியூர் மக்கள் திரளாக வந்து தங்குகின்றனர். அக்கூட்டத்தை அளவறிய 2024 மே 7-ஆம் தேதி முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி ஏற்படுத்தப்பட்டது. வெயிலும் விருந்தினரும் ஒரே காலத்தில் வருவதால், மூன்று மாத வறட்சியில் குறைந்துபோன நீரையே அனைவரும் பங்கிட்டுக்கொள்ள நேரிடுகிறது.

வீட்டு முற்றத்துப் புல்தரையைப் பற்றிய இப்பாடம் கிராமச் சங்க அங்கத்தினருக்கு எதற்கு என்ற கேள்வி எழலாம். நகரின் குழாய் நீரும் கிராமத்தார் காரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு ஆகியவற்றிற்குப் பாய்ச்சும் ஓடை நீரும் ஒரே மலை தருவன. மேலும் பங்களாக்களிலும் தங்கும் விடுதிகளிலும் தோட்டவேலை பார்ப்போரில் கிராமத்தார் பலர். குழாயைத் திறப்பதும் மூடுவதும் அவர்கள் கையிலேயே உள்ளன. எனவே இதனை அறிந்திருத்தல் அவர்களுக்கு அவசியமாகும்.

1. பழுப்பு நிறப் புல் செத்த புல் அன்று

மலை நகரங்களில் புல்தரை வளர்க்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டிய பங்களாக்களோடு பரவியது. உதகமண்டலத்து அரசுத் தாவரவியல் பூங்கா 1848-ஆம் ஆண்டில் தொடங்கியது. இன்று அவ்வட்டாரத்துப் புல்தரைகளில் மிகுதியாகக் காணப்படுவது கிக்குயு புல். இதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டுநிலம். கென்யா நாட்டு மக்களுள் ஒரு சாராரின் பெயரே இப்புல்லிற்கு ஆயிற்று. தரைமேல் ஓடும் தண்டுகளாலும் மண்ணுள் ஓடும் தண்டுகளாலும் இது பரவுகிறது. இலை கருகினும் அத்தண்டுகள் உயிரோடிருந்து, காலம் வாய்த்தபோது மீண்டும் துளிர்க்கும்.

இப்பாடத்தில் முதன்மையாக அறியவேண்டுவது இதுவே. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மலையில் உறைபனி விழுகிறது. அப்போது கிக்குயு புல்லின் இலை கருகிப் பழுப்பாகிறது. இதனைத் தண்ணீர் இல்லாக் குறை என்று தவறாகக் கருதிப் பலர் நாள்தோறும் குழாயைத் திறந்துவிடுகின்றனர். குளிரினால் உறங்கும் புல்லை நீர் எழுப்பாது. மண் சூடேறினாலன்றி அது வளராது. ஆகவே பனிக்காலத்தில் ஊற்றும் நீரில் பெரும்பங்கு வீணேயாகும்.

புல் உயிரோடிருக்கிறதா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. கருகிய இடத்தில் ஓடுதண்டு ஒன்றைக் கத்தியால் கீறிப் பார்க்கவேண்டும். உள்ளே வெண்மையாகவும் ஈரமாகவும் இருந்தால் புல் உறங்குகிறது. உலர்ந்து சுள்ளிபோல் ஒடிந்தால் அவ்விடத்துப் புல் மாண்டது. மாண்ட புல்லிற்கு எவ்வளவு நீர் ஊற்றினும் பயன் இல்லை.

2. குடக் கணக்கு

நீளம் 30 அடி, அகலம் 20 அடி உள்ள ஒரு புல்தரையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 600 சதுர அடி. அதன்மேல் ஓர் அங்குலம் நீர் நிற்குமாறு பாய்ச்ச ஏறக்குறைய 1,400 லிட்டர் வேண்டும். குடம் ஒன்றிற்கு 15 லிட்டர் என்றால் இது 93 குடமாகும்.

ஜனவரி முதல் மார்ச்சு முடிய 12 வாரங்கள், வாரம் ஓர் அங்குலம் பாய்ச்சினால் 16,800 லிட்டர் செலவாகும். உறங்கும் புல்லின் தண்டையும் வேரையும் உயிரோடு காக்க மாதம் ஒரு முறை அரை அங்குலம் போதுமானது. ஒரு முறைக்கு 700 லிட்டர் வீதம் மூன்று மாதத்திற்கு 2,100 லிட்டர். மிச்சமாவது 14,700 லிட்டர்.

2019-ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆள் ஒன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் என்று அளவு வகுத்தது. ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு இது 275 லிட்டர். மேற்கண்ட மிச்சம் அத்தகைய குடும்பம் ஒன்றிற்கு 53 நாட்களுக்குப் போதும். ஒரு முற்றத்தின் பச்சை நிறத்திற்கும் ஒரு குடும்பத்தின் ஏறக்குறைய இரண்டு மாத வாழ்வுக்கும் உள்ள தராசு இதுவே.

3. குழாயைத் திறவாமலே புல்லைக் காத்தல்

மாதம் 700 லிட்டருங்கூடக் குழாயிலிருந்து எடுக்கவேண்டுவதில்லை. அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர், துணியைக் கடைசியாக அலசிய நீர் ஆகியவற்றை ஒரு வாளியில் சேர்த்தால் நாளொன்றுக்கு இரண்டு குடம் சேர்ப்பது பெரும்பாலான வீடுகளில் எளிது.

முன் கூறிய புல்தரையை 5 அடிக்கு 5 அடியாக 24 கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். மூலைகளில் சிறு முளைக்குச்சி நட்டால் போதும். நாளொன்றுக்கு ஒரு கட்டம் வீதம் இரண்டு குடம் நீரைப் பூவாளியால் ஊற்றிவரவேண்டும். 25 சதுர அடியில் 30 லிட்டர் என்பது அரை அங்குலத்திற்குச் சரியாகும். 24 நாட்களில் தரை முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். 25-ஆம் நாள் முதற் கட்டத்திற்கே திரும்பலாம். இம்முறையில் குழாய் நீர் ஒரு சொட்டும் செலவில்லை.

இதில் கவனிக்கவேண்டுவன மூன்று. சேர்த்த நீரை ஒரு நாளுக்குமேல் வைத்தல் கூடாது. நாற்றமெடுக்கும், கொசுவும் பெருகும். வெளுப்புக் காரம் கலந்த நீரும், குழந்தைகளின் மலத்துணி அலசிய நீரும் ஆகா. சோப்பு கலந்த நீரைக் கீரை, காய்கறிப் பாத்திகளில் விடலாகாது.

4. ஊற்றவேண்டிய வேளையும் முறையும்

ஏப்ரலில் மண் சூடேறிப் புல் துளிர்க்கத் தொடங்கியபின், நீர் வசதி இருந்தால் சிறிது கூடுதலாகப் பாய்ச்சலாம். அப்போதும் நாட்கணக்கை வைத்துப் பாய்ச்சாமல் புல்லின் நிலையைப் பார்த்துப் பாய்ச்சவேண்டும். தரையில் நடந்து திரும்பிப் பார்த்தால், மிதித்த புல் உடனே நிமிரின் நீர் வேண்டுவதில்லை; அடிச்சுவடு நெடுநேரம் பதிந்திருந்தால் வேண்டும்.

வெயிற்காலத்தில் விடியற்காலையே தக்க வேளை. உச்சிப்பொழுதில் பாய்ச்சினால் நீரின் ஒரு பகுதி ஆவியாகிவிடும். உறைபனிக் காலத்தில் வெயில் பட்டுப் பனி உருகியபின் முற்பகலில் ஊற்றவேண்டும். பனி உறைந்த புல்லின்மேல் நடப்பதும் தவறு, இலை நொறுங்கும்.

நாள்தோறும் சிறிது தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே நின்றுவிடும். நாட்கள் இடைவிட்டு ஆழமாக நனைத்தால் வேர் கீழே இறங்கும். தெளிப்பான் வைத்திருப்போர் காலி டப்பாக்கள் நான்கைத் தரையில் வைத்து, அவற்றில் அரை அங்குலம் நீர் நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறதென்று ஒரு முறை அறிந்துகொள்ளவேண்டும். பின்னர் அவ்வளவு நேரமே திறந்துவிடலாம். சரிவான இடத்தில் நீர் ஊறுமுன் ஓடிவிடும். ஆகவே பாதி ஊற்றி, அரைமணி நேரம் கழித்து மீதிப் பாதியை ஊற்றவேண்டும்.

5. வெட்டுதலும் எருவிடுதலும்

வறட்சிக் காலத்தில் புல்லை ஒட்ட வெட்டுதல் பெருந்தவறு. சுமார் மூன்று அங்குலம் உயரம் விட்டு வெட்டினால் இலையின் நிழல் மண்ணின் ஈரத்தைக் காக்கும். ஒரே முறையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிற்குமேல் வெட்டலாகாது. வெட்டிய துணுக்குகளை மெல்லப் பரப்பி அங்கேயே விட்டால் அவை மட்கி எருவாகும். மழுங்கிய கத்தி இலையைக் கிழித்து ஈரத்தை இழக்கச் செய்வதால், கத்தியைத் தீட்டிவைத்தல் அவசியம்.

தழைச்சத்து உரம் வறட்சியில் இடுதல் கூடாது. அது புல்லைத் துளிர்க்கத் தூண்டும்; துளிர்த்த புல் மேலும் நீர் கேட்கும். பலரும் மிதித்து இறுகிய இடங்களில், மழைக்கு முன் இரும்புக் கம்பியால் மூன்று, நான்கு அங்குல ஆழத்திற்குத் துளையிட்டு, சலித்த மட்கெருவைத் தூவிவைத்தால் மழைநீர் உள்ளிறங்கும்.

6. கூரை நீரும் சரிவு நிலமும்

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. 500 சதுர அடிக் கூரையில் 20 மில்லிமீட்டர் கோடைமழை பெய்தால், சிதறுவது போக 700 லிட்டருக்குமேல் கிடைக்கும். அது மேற்சொன்ன புல்தரைக்கு ஒரு முழுச் சுற்றாகும். மலையில் இந்நீரை மூடியுள்ள தொட்டியில் சேர்த்துவைத்தலே நலம். சரிவின் விளிம்பிலும் தாங்குசுவரின் பின்புறத்திலும் குழிவெட்டி நீரை இறக்கினால் மண் இளகிச் சரிவதற்கு ஏதுவாகும்.

நீரை மிச்சப்படுத்தும் ஆர்வத்தில் சரிவிலுள்ள புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கிவிடவும் கூடாது. முதல் மழையிலேயே மேல்மண் ஓடையில் போய்ச் சேரும். புல்லை நீக்க விரும்புவோர் சமதரையில், மர நிழலடியிலும் சுவரோரத்திலும் நீக்கி, அங்கே கற்பாவுதலோ குறைந்த நீரில் வாழும் செடியோ வைக்கலாம். கிக்குயு புல்லைக் காய்கறிப் பாத்தியிலும் காட்டோரத்திலும் பரவவிடாமல் ஓரம் வெட்டித் தடுத்தலும் வேண்டும்.

7. ஒருவர் சேமிப்பும் ஊரார் சேமிப்பும்

ஒரு வீட்டார் மட்டும் குழாயை மூடினால், மிச்சமான நீர் அடுத்த வீட்டுப் புல்லிற்குப் போய்விடக்கூடும். “நாம் ஏன் வாடவேண்டும்?” என்று அவர்களும் மறுநாள் குழாயைத் திறப்பர். ஒரு தெருவில் 20 வீட்டாரும் சேர்ந்து மேற்கண்ட முறையைக் கைக்கொண்டால் மூன்று மாதத்தில் 2,94,000 லிட்டர் நீர்த்தேக்கத்திலேயே நிற்கும். நாணயச் சங்கத்தில் ஒருவர் தவணை தவறினால் எல்லோருடைய நாணயமும் குன்றுவது போன்றதே இதுவும். தண்ணீரும் பொதுமுதலே.

பழுப்பான முற்றத்தைக் கண்டு வீட்டுக்காரரின் அசட்டை என்று பிறர் எண்ணும்வரை எவரும் துணிந்து குழாயை மூடார். தெரு முழுவதும் ஒரே காலத்தில் பழுப்பானால் அவ்வெண்ணம் தானே மறையும். தோட்டவேலை பார்க்கும் அங்கத்தினர் தம் எஜமானருக்கு ஓடுதண்டைக் கீறிக் காட்டி, “புல் உயிரோடிருக்கிறது, கோடைமழையில் துளிர்க்கும்” என்று எடுத்துரைப்பது சங்கத்திற்குச் செய்யும் உதவியாகும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கவேண்டிய கேள்விகள்

(1) சங்கக் கட்டிடத்தின் முன்னுள்ள புல்தரையின் பரப்பு எவ்வளவு? அதற்கு மாதம் எத்தனை குடம் நீர் செலவாகிறது?

(2) அங்கத்தினர் வீடுகளில் இரண்டாம் முறை பயன்படத்தக்க நீர் நாளொன்றுக்கு எவ்வளவு சேரும்? ஒரு வாரம் அளந்து எழுதிவரவும்.

(3) ஒழுகும் குழாய் எத்தனை? இரவு முழுவதும் அடியில் குடம் வைத்து அளந்து, பழுது பார்க்கும் செலவை அந்நீரின் அளவோடு ஒப்பிடவும்.

(4) ஜனவரி முதல் மார்ச்சு முடியப் புல்லிற்குக் குழாய் நீர் விடுவதில்லை என்று தெருவாரியாகத் தீர்மானம் செய்ய இயலுமா? இயலாதெனின் தடை யாது?

நான்காம் கேள்விக்கு விடை காணும் சங்கம், தீர்மானத்தை டிசம்பர் மாதக் கூட்டத்திலேயே நிறைவேற்றிக்கொள்ளவேண்டும். நீர்த்தேக்கம் வற்றியபின் செய்யும் தீர்மானத்தால் மிஞ்சும் நீர் மிகச் சொற்பம்.